பதினோராவது கதவு

அது வயலின் பொட்டிதான? அதான பாத்தேன். மடியிலயே வச்சுக்கோ பிள்ள, மேல கம்பியில வைக்காத. இந்த டிரைவர் போடுத பிரேக்குக்கு ஒரு நாளு தலையில வந்து விழும். நான் இப்படி ஒடுங்கி உக்காந்துக்கிடுதேன், நீ நல்லா சாஞ்சுக்கோ.

கர்நாடகமா, வெஸ்டர்னா?

வெஸ்டர்னா! அப்ப சரி. நாகர்கோயில்ல கல்யாணத்துக்கா? என்ன வாசிப்பீங்க, பொண்ணு உள்ள வரும்போது? ம். சொல்லாண்டாம், நானே சொல்லுதேன். பாக்கெல்பெல் எழுதுன கேனன். எல்லாக் கல்யாணத்துக்கும் அதுதான். பொண்ணு வாசல்ல இருந்து மேடைக்கு வாரதுக்குள்ள எம்புட்டு முடியுதோ அம்புட்டு. பொண்ணு வந்து நின்னதும் எவனாவது ஒருத்தன் கையக் காட்டுவான், நீங்க பொசுக்குன்னு நிறுத்திருவீங்க. ஆமாவா, இல்லியா? சிரிக்காத. சிரிக்கக்கூடிய விசயமே இல்ல இது. எனக்கு வயிறு எரியுது.

உன் பேரென்ன? மதிவதனி. நல்ல பேரு. நான் கிளாடிஸ். கிளாடிஸ் டீச்சர்னு பாளையங்கோட்டைப் பக்கம் கேட்டா சொல்லுவாங்க. பொம்பளப்பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல கணக்கு எடுத்தேன். ஞாயித்துக்கிழமை கோயில்ல ஆர்கன் வாசிச்சேன். கோயில்னா வேதக்கோயில், சர்ச்சு. முப்பத்தொரு வருசம். மழை, வெயிலு, காய்ச்சல், என் நாத்தனார் செத்த அன்னைக்கு, ஒரு ஞாயிறு விட்டதில்ல. இன்னைக்கு என்ன கிழமை? அதான். ஞாயித்துக்கிழமை காலையில எட்டேகால் மணிக்கு நான் பஸ்ஸுல உக்காந்துருக்கேன், பணகுடியில தங்கச்சி வீட்டுக்குப் போறதுக்கு. முப்பத்தொரு வருசத்துல முதல் தடவை. எவ்வளவு கோவம் இருந்தா ஒரு மனுசி இப்படி வருவான்னு நீயே நெனச்சுக்கோ.

எல்லாத்துக்கும் காரணம் ஒரே ஒரு ஆளு. தவசிமுத்து.

தவசிமுத்து யாருன்னா, எங்க கோயில்பிள்ளை. கோயில்பிள்ளைன்னா மணி அடிக்கது, பெருக்குதது, பெஞ்சு துடைக்கது, காணிக்கைப் பையைக் கொண்டு போறது, எல்லாம் அவருதான். நான் ஆர்கன்ல உக்காந்த அதே வருசம் அவரும் வேலைக்கு வந்தாரு. அன்னையில இருந்து என் கழுத்தை அறுத்துக்கிட்டு இருக்காரு. அறுக்காருன்னா சும்மா சொல்லல. சொல்லுதேன் கேளு.

ஆர்கன் வாசிக்கவ சபைக்கு முதுகைக் காட்டி உக்காரணும். பின்னால என்ன நடக்குன்னு தெரியாது. அதுக்கு எங்க வீட்டுக்காரர் ஒரு பழைய லாரிக் கண்ணாடியக் கொண்டுவந்து எனக்கு முன்னால மாட்டிக் குடுத்தாரு. லாரி ஒர்க்‌ஷாப் வச்சிருந்தாருல்லா. அந்தக் கண்ணாடியில நடுப்பாதை தெரியும், வேற ஒண்ணும் தெரியாது. நடுப்பாதையும், தவசியும். முப்பத்தொரு வருசமா நான் கோயில்ல பாத்த காட்சி அவ்வளவுதான்.

பிரசங்கம் முடிஞ்சதும் காணிக்கை எடுப்பாங்க. அப்பதான் எனக்கு நேரம். பாட்டுக்கு வாசிக்கது வேற, அது ஜனங்களுக்கு. காணிக்கை நேரத்துலதான் எனக்குப் பிடிச்சதை வாசிக்கலாம். பையி நாலு வரிசைக்கும் போயிட்டுத் திரும்பி வரணும். நாலு நிமிசம். அவ்வளவுதான் எனக்கு. பையெல்லாம் வந்து சேந்ததும் தவசி நடுப்பாதையில வந்து நின்னு கையைத் தூக்குவாரு. இந்தா, இப்படி. தோளுக்கு மேல, உள்ளங்கையை விரிச்சு. அதைக் கண்ணாடியில பாத்ததும் நான் நிறுத்திரணும். நிறுத்தலன்னா ஐயரு தொண்டையக் கனைப்பாரு. ஐயருன்னா எங்க பாதிரியாரு. மூணு ஐயரு மாறிட்டாங்க, மூணு பேரும் ஒரே மாதிரிதான் கனைக்காங்க.

நீ வாசிக்கவ, உனக்குச் சொன்னாத் தெரியும். பாதியில நிறுத்தணும்னா கண்ட இடத்துல நிறுத்த முடியாது. படி இறங்கும்போது நடுவுல ஒத்தக் காலைத் தூக்கிட்டு நின்ன மாதிரி ஆயிரும். ராகம் எங்கயாவது மூச்சு விடும்லா, அங்கன பாத்து வெளிய வந்துரணும். நான் அதுக்குக் கதவுன்னு பேரு வச்சிருந்தேன். எந்தெந்தப் பாட்டுல எங்கெங்க கதவு இருக்குன்னு எனக்குத் தலைகீழாத் தெரியும். பாட்டு எழுதுனவங்கள்ல ஹாண்டல் தாராளமான மனுசன், எங்க பாத்தாலும் கதவுதான். ஹைடன் குறும்புக்காரரு, கதவு மாதிரி காட்டுவாரு, போயி முட்டினா செவுரு. விவால்டி சட்டுபுட்டுனு முடிச்சிருவாரு, காணிக்கைக்குத் தோதான ஆளு, வீட்டுல மாவாட்டும்போது கேக்கதுக்கும் நல்லா இருக்கும். மோசார்ட்டு வேண்டாம் எனக்கு. எல்லாரும் செல்லங்குடுத்து வளத்த பிள்ளை மாதிரி, வாசிக்கும்போதெல்லாம் அவரு நம்மளப் பாத்துச் சிரிக்க மாதிரியே இருக்கும்.

எனக்கு பாக். பாக் மட்டும் போதும். சமைக்கும்போது பாக், கணக்கு நோட்டு திருத்தும்போது பாக், வீட்டுக்காரர் கூட பேச்சுவார்த்தை இல்லாத நாள்ல சத்தமா பாக்.

பாக் ஆர்கனுக்கு ஒரு பஸகாலியா எழுதிருக்காரு. பேரு கெடக்கட்டும். விசயம் இவ்வளவுதான். ஆர்கன்ல காலுக்குன்னு கீழ ஒரு வரிசைக் கட்டை இருக்கும். முதல்ல காலு மட்டும் தனியா ஒரு சின்ன ராகத்தை வாசிக்கும். இருபது இருபத்தஞ்சு வினாடிதான். கை சும்மா மடியில கெடக்கும். பொறவு காலு அதையே திருப்பி வாசிக்கும், கை அதுக்கு மேல ஒண்ணு சொல்லும். மறுபடியும் காலு அதையே, கை வேற ஒண்ணு. இப்படி இருபத்தொரு தடவை. ஒரு நாளும் அலுக்காது. அதுக்குப் பின்னால ஃபியூக்குன்னு இன்னொரு பகுதி வேற இருக்கு. அது கெடக்கட்டும், இருபத்தொண்ணையே கேக்க நாதியில்ல.

ஒவ்வொரு தடவை முடியும்போதும் ஒரு கதவு. இருபத்தொரு கதவு. காணிக்கைக்கு இதைவிடத் தோதா எதுவும் கெடையாதுன்னு நானேதான் எடுத்தேன். நாலு நிமிசத்துல பதினொண்ணு முடியும். பதினோராவது கதவுல தவசி கையத் தூக்குவாரு. நான் வெளிய வந்துருவேன்.

அதுல என்ன கொடுமைன்னு கேளு. பன்னெண்டாவது தடவையிலதான் விசயமே இருக்கு. அதுவரைக்கும் கீழயே கெடந்த ராகம் காலை விட்டுட்டு எந்திரிச்சு மேல வரும். வலது கைக்கு வரும். காலு பேசாம நின்னுரும். அவ்வளவு நேரமும் தரையில நடந்துக்கிட்டு இருந்தது திடீர்னு ஓட்டு மேல நிக்க மாதிரி இருக்கும், பிள்ள. வீட்டுல தனியா வாசிக்கும்போது அந்த இடத்துல எனக்கு இன்னைக்கும் மேலெல்லாம் புல்லரிக்கும். அதை எங்க சபை ஒரு தடவை கூட கேட்டதில்ல. முப்பத்தொரு வருசத்துல ஒரே ஒரு தடவை கூட இல்ல. பதினோராவது கதவுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது.

யாரால? அந்தக் கையால.

அதுவும் அந்த ஆளுக்கு ஒரு நிதானம் உண்டா? கெடையாது. சில ஞாயிறு விறுவிறுன்னு வந்து நிப்பாரு. சில ஞாயிறு பையத் தூக்கிட்டு நத்தை மாதிரி வருவாரு, முழங்காலு வலின்னு சொல்லுவாரு. அதுவும் நான் பஸகாலியா வாசிக்க ஞாயிறு பாத்துத்தான் அவருக்கு முழங்காலு வலிக்கும். கமிட்டிக்காரங்க சத்தம் போடுவாங்க, "என்னய்யா தவசி, பையக் கொண்டாரதுக்கு இம்புட்டு நேரமா"ன்னு. அப்படியும் பதினொண்ணைத் தாண்டுனதில்ல.

வியாழக்கிழமை சாயந்திரம் மூணு மணிக்கு நான் கோயிலுக்குப் போயி பழகுவேன். அன்னைக்கு முழுசா வாசிப்பேன், இருபத்தொண்ணும். அந்த நேரம் பாத்துத்தான் தவசி பெருக்க வருவாரு. பெருக்குவாரா? நான் வாசிக்க ஆரம்பிச்சதும் வெளக்குமாத்தைச் சாத்தி வச்சுட்டு கடைசி பெஞ்சுல போயி உக்காந்து கண்ண மூடிருவாரு. தூக்கம்! பாக் வாசிக்கும்போது தூக்கம். நான் முடிச்சு ஆர்கன் மூடியைச் சாத்துத சத்தம் கேட்டாத்தான் எந்திரிப்பாரு. சம்பளம் வாங்கிட்டுத் தூங்குதவங்களை நான் பள்ளிக்கூடத்துலயும் பாத்துருக்கேன். ஆனா இந்த அளவுக்குப் பாத்ததில்ல.

டிக்கெட்டா? எடுத்துட்டேன் தம்பி. பணகுடி. இந்தா, பாத்துக்கோங்க.

எங்க விட்டேன்? ஆமா. போன மாசம் எனக்கு அறுபத்தஞ்சு முடிஞ்சிட்டு. கமிட்டியில கூடிப் பேசி, டீச்சர் ஓய்வெடுக்கட்டும், இனிம ரூபி வாசிக்கட்டும்னு முடிவு பண்ணிட்டாங்க. ரூபி பாடகர் குழுவுல உள்ள பிள்ளை, காலேஜுல வேலை பாக்கா. நல்லா வாசிப்பா, அதைச் சொல்லணும். எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல. இரு, வருத்தம் இருக்கு. ஆனா அது வேற.

ஐயரு வீட்டுக்கு வந்தாரு. "டீச்சர், உங்களுக்குப் பிரிவு உபச்சாரம் வைக்கோம். சனிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணி. ஆராதனை கெடையாது, பிரசங்கம் கெடையாது, காணிக்கை கெடையாது. உங்களுக்குப் பிடிச்சதை வாசிங்க, நாங்க உக்காந்து கேக்கோம்"னாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! "முழுசாவா?"ன்னு கேட்டேன். "முழுசா"ன்னாரு. "இருபத்தொண்ணும்?"னு கேட்டேன். அவருக்குப் புரியல. தலைய ஆட்டிட்டு காப்பியைக் குடிச்சாரு.

மூணு வாரம் தூங்கல பிள்ள. எதை வாசிக்க, எதை விடன்னு எழுதி எழுதிக் கிழிச்சேன். ஹாண்டல்ல ஒண்ணு, விவால்டியில ஒண்ணு, ஹைடன்ல சின்னதா ஒண்ணு, கடைசியில பாக். வீட்டுல சோத்துப்பானை அடிப்பிடிச்சது எனக்குத் தெரியல. சாப்பாட்டு மேசைக்கு அடியில என் காலு பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டு இருக்கும், எங்க வீட்டுக்காரர் "என் கால மிதிக்காத"ம்பாரு.

போன வாரம் சனிக்கிழமை கோயிலு நெறஞ்சிட்டு. என் பழைய பிள்ளைங்க, மெட்ராஸ்ல இருந்தெல்லாம் வந்திருந்தாங்க. நான் பட்டுச்சேலை கட்டிருந்தேன், காலுக்கு மட்டும் பழைய மெலிஞ்ச செருப்பு, கட்டை தெரியணும்லா. ஹாண்டல் முடிச்சேன். முழுசா. கை தட்டுனாங்க. விவால்டி. தட்டுனாங்க. ஹைடனுக்குச் சிரிச்சாங்க கூட, சரியான இடத்துல. எனக்கு ஒரே சந்தோசம். பொறவு பாக்.

காலு ஆரம்பிச்சிட்டு. ஒண்ணு. ரெண்டு. கோயில்ல ஒரு இருமல் சத்தம் இல்ல. அஞ்சு, ஆறு. என் வாழ்க்கையில அப்படி நான் வாசிச்சதில்ல. ஒன்பது, பத்து. பன்னெண்டு வருதேன்னு நெனைக்கேன். எல்லாரும் கேக்கப் போறாங்களேன்னு நெனைக்கேன். பதினொண்ணு.

கண்ணாடியில பாக்கேன். தவசி. நடுப்பாதையில நிக்காரு. கை மேல இருக்கு.

காணிக்கை இல்லாத நாளு! பையே எடுக்கல! அந்த மனுசன் எந்திரிச்சு வந்து கையைத் தூக்கிட்டு நிக்காரு!

நின்னுட்டு. என் வாசிப்பு அங்கனயே நின்னுட்டு. கதவுல. எல்லாரும் எந்திரிச்சு கை தட்டுதாங்க, ஐயரு பொன்னாடையத் தூக்கிட்டு ஓடி வாராரு, "அருமை டீச்சர், அருமை"ன்னு. பாதிதான் முடிஞ்சிருக்குன்னு ஒருத்தருக்குத் தெரியல. எனக்குப் பொன்னாடை போர்த்துனாங்க. ஜெபம் பண்ணுனாங்க. பிரியாணிக்கு வரிசையில நின்னுட்டாங்க. மறுபடியும் உக்காருங்க, இன்னும் இருக்குன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?

பிரியாணி வாளியத் தூக்கிட்டு தவசி வந்தாரு. விட்டேன் பாரு. ஐயரு இருக்காரு, பழைய பிள்ளைங்க இருக்காங்க, எதையும் பாக்கல. "முப்பத்தொரு வருசம் என் கழுத்தை அறுத்தது போதாதா? இன்னைக்கு ஒரு நாளு பொறுக்கக் கூடாதா உமக்கு? வாசிச்சா என்ன உம்ம சொத்தா குறையுது?"ன்னு கேட்டேன். வாளியோட நின்னாரு. பொறவு, "தப்பா எடுத்துக்கிடாதிய டீச்சர்"னாரு. அவ்வளவுதான். என் இலையில ரெண்டு கரண்டி வச்சுட்டுப் போயிட்டாரு. அதுவும் நல்ல கறியாப் பாத்து வச்சாரு, குத்த உணர்ச்சி!

நான் விடல. மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிஞ்ச கையோட கமிட்டிக்கு மூணு பக்கம் எழுதிக் குடுத்தேன். சபைக்கு முன்னால நின்னு அவரு மன்னிப்புக் கேக்கணும், இல்லன்னா இந்தக் கோயில் வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்னுட்டேன். ஐயரு சமாதானம் பேசிப் பாத்தாரு. நடக்கல. தவசியக் கூப்பிட்டுக் கேட்டாங்க. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "கேட்டுருதேன் ஐயா"ன்னாராம். ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. பாத்துக்கோ. தப்பு இல்லன்னா ஒரு மனுசன் ஒத்துக்கிடுவானா? இன்னைக்கு ஆராதனை முடிஞ்சதும், பத்தரை மணிக்கு, எல்லாருக்கும் முன்னால கேக்கப் போறாரு. கேக்கட்டும். அதைப் பாக்கக்கூட எனக்கு அங்க இருக்கப் பிடிக்கல.

இல்ல, முழுசாச் சொல்லணும்லா. வீட்டுல சண்டை. அதனாலயும்தான் கிளம்பிட்டேன்.

அந்த ரூபி அன்னைக்கு நான் வாசிச்சதைக் கோயில் மாடியில இருந்து போனுல படம் பிடிச்சிருக்கா. புதன்கிழமை எனக்கு அனுப்பிவிட்டா. "ஆன்ட்டி, தயவுசெஞ்சு ஒருக்கா பாருங்க"ன்னு எழுதிருந்தா. நான் எதுக்குப் பாக்கணும்? எனக்கு நடந்த அவமானத்தை நானே உக்காந்து பாக்கணுமா? எங்க வீட்டுக்காரருக்கும் அனுப்பிருக்கா. அவரு அதைப் பாத்துருக்காரு. நேத்து மெதுவா வந்து, "கிளாடிஸ், நீ அதை ஒருக்கா பாரு. பொறவு பேசு"ன்னாரு. எனக்கு வந்துச்சு பாரு ஆங்காரம். நாப்பது வருசம் சோறாக்கிப் போட்டவ நான். தவசி பக்கம் பேசுதாரு! "நீங்களும் அவங்க கூடச் சேந்துட்டீங்களா?"ன்னு கேட்டேன். அவரு லாரி எஞ்சினைப் பாக்க மாதிரி என்னைப் பாத்தாரு. அதுக்கு அப்புறம் எப்படி அந்த வீட்டுல இருக்க? விடிஞ்சதும் பையத் தூக்கிட்டேன்.

நீ பாக்கியா? பாரு பிள்ள. நீ வாசிக்கவ, உனக்குத் தெரியும். எனக்கு வேண்டாம், நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன். நீ பாத்துட்டு நியாயத்தைச் சொல்லு. வெளியாளு சொல்லட்டும். இந்தா போனு. இதை அமுக்கணும். கடைசிப் பாட்டுக்குத் தள்ளிக்கோ. ஆங், அதான். அது காலு. கேக்குதா? நல்லா இருக்குல்லா. இந்த பஸ்ஸு இரைச்சல்ல என்னத்த கேக்க.

நான்குநேரி வரப்போகுது போல. டோல்கேட்டு தெரியுது.

என்ன? ஏன் அப்படிப் பாக்க? நிக்காரா? கை மேல இருக்கா? என்ன பிள்ள, வாயத் தொறந்து சொல்லு.

இல்லயா? என்ன இல்லயா? நல்லாப் பாரு. நடுப்பாதையில. வெள்ளச் சட்டை.

குடு இங்க.

பின்னால தள்ளு. எனக்கு இது தெரியாது, நீ தள்ளு. இன்னும் கொஞ்சம். ம். எட்டு... ஒன்பது. இது நான்தான். பத்து. நடுப்பாதையில ஒருத்தரும் இல்லியே. தவசி எங்க? கடைசி பெஞ்சு... அங்கன உக்காந்துருக்காரு. கண்ண மூடிட்டு. வியாழக்கிழமை உக்காருவாருல்லா, அதே மாதிரி. பதினொண்ணு.

கை எடுத்துட்டேன்.

நான் எடுத்துட்டேன், பிள்ள. யாரும் எந்திரிக்கல. யாரும் கையக் காட்டல. நானேதான் கதவப் பாத்ததும் இறங்கிட்டேன். பாரு, மூடியைக்கூடச் சாத்துதேன். நிதானமா. நாலு நிமிசம் முடிஞ்ச மாதிரி.

நிறுத்தாத, ஓடட்டும். எல்லாரும் எந்திரிக்காங்க. ஐயரு எந்திரிக்காரு. இப்பதான் தவசி கண்ணத் தொறக்காரு. மூடிச் சத்தம் கேட்டுருக்கும். அங்கயும் இங்கயும் பாக்காரு. ஓடி வாராரு. முழங்காலு வலின்னாரு, ஓடுதாரே! நடுப்பாதைக்கு வந்துட்டாரு. கையைத் தூக்குதாரு. என்னப் பாத்து இல்ல. ஜனங்களைப் பாத்து. என்னமோ சொல்லுதாரு. சத்தத்தைக் கூட்டு. காதுகிட்ட வை.

"உக்காருங்க... எல்லாரும் உக்காருங்க. டீச்சர் இன்னும் முடிக்கல. இன்னும் பத்து இருக்கு."

பத்து.

எண்ணிருக்காரு, பிள்ள. என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஐயருக்குத் தெரியாது. இருபத்தொண்ணுல பதினொண்ணு போனா பத்து இருக்குன்னு...

வேண்டாம், துணி என்கிட்ட இருக்கு. அழல. கோவம். எனக்குக் கோவந்தான் வருது. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தாரு அந்த மனுசன்? நான் அத்தனை பேருக்கு முன்னால கத்துனேனே, அப்ப "நான் இல்ல டீச்சர், நீங்கதான்"னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? வாளியப் பிடிச்சுட்டு நின்னாரே. இப்ப சபைக்கு முன்னால போயி மன்னிப்பு வேற கேக்கப் போறாராம். செய்யாத தப்புக்கு! கையத் தூக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு வாயத் தொறக்கத் தெரியலியே. எங்க வீட்டுக்காரராவது, பாருன்னு சொன்னதுக்குப் பதிலா கையப் பிடிச்சு உக்கார வச்சுக் காட்டிருக்கலாம்லா. எல்லாரும் என்னைக் கண்டு பயப்படுதாங்களா? நான் என்ன பேயா, பிசாசா?

மணி என்ன? ஒம்பதா? இன்னும் பிரசங்கமே ஆரம்பிச்சிருக்க மாட்டாங்க. எதிர்ப்பக்கம் ஒரு வண்டி பிடிச்சா முக்கா மணி நேரம். காணிக்கைக்கு முன்னால போயிரலாம்.

கண்டக்டர் தம்பி! ஏ தம்பி! இங்கன டோல்கேட்டுல நிறுத்துங்க, நான் இறங்கணும். பணகுடிக்குத்தான் எடுத்தேன், தெரியும். மிச்சத்தை நீங்களே வச்சுக்கோங்க. ஸ்டாப் இல்லன்னா என்ன, வண்டி நிக்கத்தான செய்யுது? கதவைத் தொறங்க.

போனைக் குடு பிள்ள. ரூபிய எந்திரிச்சு தள்ளி உக்காரச் சொல்லுதேன். அந்த லாரிக் கண்ணாடியச் செவுத்தைப் பாத்துத் திருப்பி வைக்கப் போறேன். பையி வந்தா வரட்டும், ஐயரு கனைச்சா கனைக்கட்டும், தண்ணி வாங்கிக் குடிக்கட்டும். தவசி கடைசி பெஞ்சுல உக்காரணும். மன்னிப்பு யாரு கேக்கணும்ங்கதை வாசிச்சு முடிச்ச பொறவு பாத்துக்கிடலாம்.

நீயும் கேட்டுக்கோ. இன்னைக்கு அந்தப் பொண்ணு மேடைக்கு வந்து நின்னாலும் நிறுத்தாத. நிக்கட்டும். காலு வலிச்சா நாற்காலி போடச் சொல்லு.

அண்ணாச்சி, கொஞ்சம் காலை மடக்குங்க, வழி விடுங்க. எனக்கு இன்னும் பத்து இருக்கு.